அது படச்சுருள் அல்ல, ஒலிநாடா

ஆசிரியருக்கு,

கடந்த ஞாயிறு வானொலி அறிவிப்பாளர்கள் பற்றி நீங்கள் போட்ட கட்டுரை நன்றாக இருந்தது. ஆனால் கூடவே வந்த படத்தின் கீழே 'பழைய சினிமாப் படச்சுருள்' என்று போட்டிருந்ததைக் கண்டதும், தேத்தண்ணீர் ஆறிப்போகும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது படச்சுருள் அல்ல. கால் அங்குல ஒலிநாடா. நாங்கள் ஸ்பூல் ரேப் என்போம். கொழும்பில் ஒரு கலையகத்தின் கட்டுப்பாட்டறையில் 26 வருடம் அதைப் பூட்டுவதும் கழற்றுவதும்தான் என் வேலை.

அறிவிப்பாளர்களின் குரல் எல்லோருக்கும் தெரியும். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருந்த எங்களை ஒருவருக்கும் தெரியாது, அது பரவாயில்லை. அந்த நாடாவையாவது சரியான பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டாமா?

நாடா விநாடிக்கு 7.5 அங்குலம் ஓடும், இசைப்பதிவு என்றால் 15. 7 அங்குல ஸ்பூலில் 1200 அடி, அதாவது அரை மணி நிகழ்ச்சி போக 2 நிமிடம் மிச்சம். ஆகவே ஒரு சின்ன இருமல் எங்களுக்கு நாலு அங்குல நாடா. அதை எடுக்க இரண்டு ஸ்பூலையும் கையால் முன்னும் பின்னும் மெல்ல உருட்டுவோம், குரல் மாடு கத்துவதுபோல 'ம்ம்ஊஊ' என்று இழுபடும். இருமல் தொடங்கும் இடத்தில் மஞ்சள் பென்சிலால் ஒரு கோடு, பிறகு 45 பாகையில் சவர பிளேட்டால் ஒரு வெட்டு. நேராக வெட்டினால் ஒட்டிய இடத்தில் 'டக்' என்று கேட்கும். வெட்டிய துண்டுகளைக் கழுத்தில் மாலைபோலப் போட்டுக்கொள்வோம், திரும்பத் தேவைப்படும் என்று. ஒருநாள் நாடகமொன்றில் கதாநாயகியின் கடைசி விம்மலை நானே மின்விசிறிக் காற்றில் பறக்கவிட்டு, குப்பைவாளிக்குள் தோடம்பழத் தோல்களுக்கு நடுவே அரை மணி நேரம் தேடினேன். கிடைத்தது. ஒட்டினேன். ஒலிபரப்பானபோது மிக உருக்கமாக இருந்தது என்றார்கள்.

நல்லூர்த் திருவிழாவுக்கு ஊஹர் ரேப் றெக்கோடரைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்த வருடம், தவில்காரர் வைத்த முதல் அடியிலேயே ஒலி அளவு காட்டும் ஊசி சிவப்புக்குள் போய் முட்டிக்கொண்டு நின்றுவிட்டது. ஒலிவாங்கியைத் தேர்முட்டிப் பக்கம் தூரத்துக்குக் கொண்டுபோன பிறகுதான் நாதஸ்வரமும் தவிலும் சேர்ந்து விழுந்தன, கூடவே கச்சான்காரியின் குரலும்.

சுற்றி வைத்த நாடா மாதக்கணக்கில் கிடந்தால் ஒரு சுற்றின் ஒலி அடுத்த சுற்றில் மெல்லப் பதிந்துவிடும். ஒருவர் பேசத் தொடங்குமுன்பே அவருடைய குரல் ஆவிபோலக் கேட்கும். அதனால்தான் நாங்கள் முடிவு வெளியே இருக்கும்படி சுற்றி வைப்போம். அப்போது அந்த எதிரொலி பேச்சுக்குப் பின்னால் விழும், பேச்சோடு பேச்சாக மறைந்தும் போகும்.

1990க்குப் பிறகு போர்க்காலத்தில் இங்கே யாழ்ப்பாணத்தில் மின்சாரமும் இருக்கவில்லை, பற்றரியும் இருக்கவில்லை. அக்கா வீட்டில் செய்தி நேரத்துக்குச் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து மருமக்கள் முறைவைத்து டைனமோ சுற்றினார்களாம். கை ஓய்ந்தால் குரலும் ஓயும். நான் கொழும்பில் குளிரூட்டிய அறைக்குள் ஊசி அரைக் கோடு கூடிவிட்டது, குறைந்துவிட்டது என்று மல்லுக்கட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். பிறகு இதைக் கேட்டபோது கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போன மாதம் ஒரு வீட்டில் கோயில் கச்சேரி ஸ்பூல்கள் ஒரு பெட்டி நிறைய இருந்தன, மெஷினை மட்டும் பழைய இரும்புக்குக் கொடுத்துவிட்டார்கள். மெஷின் இல்லாமல் அந்த நாடாவை என்ன செய்வது? தோட்டத்தில் குருவி விரட்டக் கட்டலாம். இப்படிப்பட்ட ஸ்பூல்கள் இங்கே இன்னும் பல வீட்டு அலுமாரிகளில் இருக்கும். வைத்திருப்பவர்கள் நிமிர்த்தி அடுக்குங்கள், ஸ்பீக்கர் பக்கத்தில் வைக்காதீர்கள், வெள்ளையாகப் பூஞ்சணம் பிடித்திருந்தால் போட்டுப் பார்க்கிறேன் என்று மெஷினில் மாட்டவே மாட்டாதீர்கள்.

என் விறாந்தையில் ஒரு றெவொக்ஸ் ஏ77 ஸ்பூல் மெஷின் இருக்கிறது. மோட்டார் ஓடுகிறது, ஆனால் நாடாவை அழுத்திப் பிடிக்கும் ரப்பர் உருளை இளகிப் பிசினாகிவிட்டது. அந்த உருளை யாரிடமாவது இருந்தால் உங்கள் அலுவலகத்துக்கு எழுதச் சொல்லுங்கள், நான் வந்து வாங்கிக்கொள்கிறேன். புதிதாக இருக்க வேண்டும். பிசினானது என்னிடமே மூன்று இருக்கிறது.

ஓய்வுபெற்ற ஒலிப்பதிவாளர்,
யாழ்ப்பாணம்