நீண்ட நாள் உள்நோயாளிகளுக்குத் துணையிருக்கும் தன்னார்வலர்களுக்கு அனுமதி அட்டை கோரி மனு

அனுப்புநர்:
காட்பாடி, சத்துவாச்சாரி, பாகாயம் பகுதித் தன்னார்வலர்கள்,
வேலூர் மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
சத்துவாச்சாரி, வேலூர்.

பொருள்: அரசு மருத்துவமனைகளில் மாதக்கணக்கில் படுக்கையில் இருப்பவர்களுக்கு உதவ அனுமதி அட்டை வழங்கக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஓய்வு பெற்ற ஆசிரியர்கள், ஷூ கம்பெனிக்கு வேலைக்குப் போகும் பெண்கள், கல்லூரி மாணவர்கள், ஆட்டோ ஓட்டுநர்கள் எனப் பலரும் சேர்ந்தது எங்கள் குழு. கூட இருந்து பார்க்க ஆள் இல்லாத உள்நோயாளிகளுக்கு முடிந்த உதவியைச் செய்து வருகிறோம்.

ஒரு வாரம் படுத்தால் சொந்தக்காரர்கள் மாற்றி மாற்றி வருவார்கள். மாதம் தாண்டினால் அவர்களும் பிழைப்பைப் பார்த்தாக வேண்டும். பீஞ்சமந்தை மலையிலிருந்து இறங்கி வந்து ஒருவர் வார்டில் தங்கினால், வீட்டில் ஒரு ஆள் கூலி போய்விடும். குடியாத்தத்தில் பீடி சுற்றும் பெண்களுக்கும் அதே நிலைமைதான்.

புளியமரத்திலிருந்து விழுந்து இரண்டு காலும் முறிந்த ஒருவரை வார்டில் பார்த்தோம். மதியச் சாப்பாடு கைக்கு எட்டாத ஸ்டூலில் அப்படியே ஆறிக் கிடந்தது. தண்ணீர் குடித்தால் பெட்பேன் வைக்க யாரையாவது கூப்பிட வேண்டுமே என்று கூச்சப்பட்டு, தண்ணீரையே குறைத்துக்கொண்டிருந்தார். மருந்தும் ஊசியும் வேளை தவறாமல் கிடைத்தன. பக்கத்தில் ஆள்தான் இல்லை.

தண்டுவடத்தில் அடிபட்டவர்கள் பாடு இன்னும் கஷ்டம். தானாகப் புரள முடியாதவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவையாவது புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். தவறினால் இடுப்பிலும் குதிகாலிலும் படுக்கைப்புண் வந்து, அதுவே அவரை இன்னும் பல வாரம் படுக்கையில் போட்டுவிடும். வார்டு முழுவதையும் கவனிக்கும் செவிலியர் எத்தனை கட்டிலுக்குத்தான் ஓடுவார்? விபத்தில் தண்டுவடம் பாதிக்கப்பட்டு, சக்கர நாற்காலியில் இருந்தபடியே மருத்துவம் பார்த்த டாக்டர் மேரி வர்கீஸின் முயற்சியால், பாகாயத்தில் 1966-லேயே மறுவாழ்வு மையம் கண்ட ஊர் இது. இங்கே ஒருவர் புரட்டிவிட ஆளில்லாமல் புண்ணாகிக் கிடப்பதை எங்களால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

ஆனால் வாசலில், “நோயாளிக்கு நீங்க என்ன உறவு?” என்று கேட்டால் எங்களிடம் பதில் இல்லை. காவலரைக் குறை சொல்லவில்லை. கண்டவர்களையும் உள்ளே விட முடியாதுதான். அதனால்தான் தங்களிடம் வருகிறோம். காவல்துறை மூலம் எங்களைச் சரிபார்த்து, புகைப்படத்துடன் அட்டை கொடுங்கள். பார்வையாளர் நேரம் மட்டுமல்லாமல் காலை, மதியச் சாப்பாட்டு வேளைகளிலும், ஆண்கள் வார்டில் இரவிலும் முறை வைத்து இருக்க அனுமதி வேண்டும். புரட்டுவது, ஸ்ட்ரெச்சருக்கு மாற்றுவது, கை கழுவும் முறை ஆகியவற்றைச் செவிலியர்களைக் கொண்டே முதலில் எங்களுக்குக் கற்றுத்தர வேண்டும். வார்டில் யாரிடம் கேட்டு நடக்க வேண்டும் என்று ஒரு பொறுப்பாளரையும் சொல்லிவிட்டால் குழப்பம் இருக்காது.

மருந்திலோ காயக்கட்டுகளிலோ நாங்கள் கை வைக்க மாட்டோம். படம் எடுக்க மாட்டோம், காசு வாங்க மாட்டோம். சளி, காய்ச்சல் இருந்தால் அன்று வரமாட்டோம். நோயாளி வேண்டாம் என்றால் விலகிக்கொள்வோம்.

அப்புறம் இன்னொரு வேண்டுகோள். தண்டுவடம் பாதிக்கப்பட்டோருக்கு அரசு தரும் பராமரிப்பு உதவித்தொகைக்கு மாற்றுத்திறனாளி அடையாள அட்டை தேவை. எழுந்திருக்க முடியாதவரை முகாமுக்குத் தூக்கிக்கொண்டு போகச் சொல்லாமல், வார்டிலேயே பரிசோதித்துச் சான்று வழங்க ஏற்பாடு செய்ய வேண்டுகிறோம். படிவம் நிரப்பும் வேலையை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

எங்கள் பெயர், முகவரி, ஆதார் நகல்களை இணைத்துள்ளோம்.

இப்படிக்கு,
தன்னார்வலர்கள்
(கையொப்பங்கள் தனித்தாளில்)