மூன்றாவது டியூஷனுக்கு முன்னால்

ராசிபுரம்,
15.02.2026

அன்புள்ள மகள் கயல்விழிக்கு,

இங்கே நானும் அம்மாவும் நலம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் கவினும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறோம். சென்ற ஞாயிறு நீ போனில் பேசியபோது, வருகிற கோடையில் கவினுக்கு மூன்றாவதாக ஒரு டியூஷன் வைத்து, எட்டு வாரத்தில் அல்ஜீப்ரா இரண்டை முடித்து, வகுப்பில் உட்காராமலே ஒரு பாடத்தைத் தாண்ட உதவும் ‘கிரெடிட் பை எக்ஸாம்’ தேர்வை எழுதவைத்து, பத்தாம் வகுப்பில் நேராக அடுத்த பாடமான ப்ரீகால்குலஸில் உட்காரவைக்கப் போவதாகச் சொன்னாய். “என்னப்பா சொல்றீங்க?” என்று கேட்டாய். “யோசிச்சுச் சொல்றேன் சாமி” என்று சொல்லிவிட்டுப் போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். முப்பத்து நான்கு வருடம் கணக்கு வாத்தியாராக இருந்தவனுக்கு இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று உனக்குத் தோன்றியிருக்கும். யோசிக்க நிறைய இருந்தது. அதில் என்னைப் பற்றியதும் கொஞ்சம் இருந்ததால்தான் எழுத உட்கார்ந்தேன்.

கவின் பின்தங்கிவிடுவானோ என்ற உன் பயம் காரணமில்லாத பயம் என்று நான் சொல்லப் போவதில்லை. டெக்சாஸில் நீங்கள் இருக்கும் ஃபிரிஸ்கோவில் 2000ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது 33,714 பேர் இருந்தார்கள். 2020இல் 2,00,509 பேர். இருபது வருடத்தில் ஆறு மடங்கு. நீங்கள் 2013இல் வீடு வாங்கியபோது எதிரே வெறும் புல்வெளியாக இருந்ததையும், சென்ற ஆண்டு நான் வந்தபோது அங்கே நடக்க இடமில்லாமல் வீடுகள் நின்றதையும் நீயேதான் காட்டினாய். இப்படி வளர்கிற ஊரில் எல்லோருமே வேறு எங்கிருந்தோ வந்தவர்கள். அதிலும் உங்கள் தெருவில் இருப்பவர்களில் பாதிப்பேர் அவரவர் ஊரில், அவரவர் வகுப்பில், முதல் இரண்டு இடத்துக்குள் இருந்து, அந்த மார்க்கைப் பிடித்துக்கொண்டே கடல் தாண்டியவர்கள். நம் ஊரில் ஒரு பையனைப் பார்த்தால் இன்னார் பேரன், நல்ல பையன், கொஞ்சம் சோம்பேறி என்று நாலு விஷயம் தெரியும். அங்கே ஒரு பிள்ளையைப் பற்றி அடுத்த வீட்டுக்காரருக்குத் தெரிவது அவன் எந்த கணக்கு வகுப்பில் இருக்கிறான் என்பது மட்டும்தான். அதனால் அந்த ஒன்றே பெரிதாகிவிடுகிறது என்பது என் எண்ணம்.

சட்டமும் அந்த பயத்துக்குத் தீனி போடுகிறது. டெக்சாஸில் 1997இல் வந்த சட்டப்படி ஒவ்வொரு பள்ளியிலும் முதல் பத்து சதவீதத்தில் வருபவர்களுக்கு அரசுப் பல்கலைக்கழகங்களில் தானாகவே இடம் உண்டு. ஆஸ்டினில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகம் மட்டும் அதை ஆறு சதவீதமாக வைத்திருந்து, இந்த 2026 சேர்க்கையிலிருந்து ஐந்தாக்கிவிட்டது. கவின் வகுப்பில் 500 பேர் என்று வைத்துக்கொண்டால் 25 பேர். கல்லூரித் தரத்தில் நடத்தும் ஏ.பி. வகுப்புகளுக்குக் கூடுதல் எடை கொடுத்து ரேங்க் போடுவதால், யார் முதலில் ஏ.பி. வகுப்புக்குள் நுழைகிறார்களோ அவர்கள் முன்னே போகிறார்கள்; ஆகவே கோடையிலேயே ஒரு பாடத்தைத் தாண்டிவிடவேண்டும் என்று ஒரு வீடு முடிவு செய்தால் பக்கத்து வீடும் செய்கிறது. இது எனக்குப் புரிகிறது. ஆனால் 500 பேரும் டியூஷனுக்குப் போனாலும், ஒருவர்கூடப் போகாவிட்டாலும், அந்த 25 என்பது 25தான். இதற்கு அல்ஜீப்ரா இரண்டு தேவையில்லை, ஐந்தாம் வகுப்புக் கணக்கு போதும்.

சென்ற ஆண்டு ஏப்ரலிலிருந்து செப்டம்பர் வரை நான் அங்கே இருந்தபோது, கவினை மாலையில் டியூஷன் சென்டருக்குக் கொண்டுபோய் விடும் காரில் பல நாள் நானும் வந்தேன். ஒரு பக்கம் பல் டாக்டர், மறுபக்கம் பிரியாணிக் கடை, நடுவில் சென்டர். உள்ளே போகும்முன் பிள்ளைகள் காரிலேயே டப்பாவைத் திறந்து தக்காளி சாதத்தை ஸ்பூனால் அள்ளிச் சாப்பிடுவார்கள். கண்ணாடி வழியாக அடுத்த காரில் ஒரு சீனப் பையன் நூடுல்ஸ் சாப்பிடுவான். இருவரும் பார்த்துக்கொள்வார்கள், சிரிக்கமாட்டார்கள். எனக்கு நம் வீட்டு வாசலில் காலை ஐந்தரை மணிக்குக் குவிந்து கிடந்த நாற்பது ஜோடிச் செருப்பு ஞாபகம் வந்தது.

ஜூலையில் ஒரு நாள், நீ ஆபீஸ் மீட்டிங்கில் இருந்தாய். சமையலறை மேஜையில் கவினிடம் ஒரு கணக்கு கொடுத்தேன். எட்டாம் வகுப்பிலேயே அல்ஜீப்ரா ஒன்றை ‘ஏ’ கிரேடோடு முடித்த பையன். கணக்கு இதுதான்: எக்ஸ்/3 − (எக்ஸ் − 2)/4 = 1. மளமளவென்று எல்லாவற்றையும் 12ஆல் பெருக்கினான். அடுத்த வரியில் 4 எக்ஸ் − 3 எக்ஸ் − 6 = 12 என்று எழுதி, எக்ஸ் 18 என்று கட்டம் போட்டுவிட்டு, “முடிஞ்சது அப்புச்சி” என்றான். நான் தப்பு என்று சொல்லவில்லை. “அந்த 18ஐ மேலே கொண்டுபோய் வைத்துப் பார்” என்றேன். 18இல் மூன்றில் ஒரு பங்கு 6. 16இல் நான்கில் ஒரு பங்கு 4. கழித்தால் 2 வந்தது, 1 வரவில்லை. முகம் சுருங்கியது. கை உடனே கால்குலேட்டருக்குப் போயிற்று. கால்குலேட்டர் என்ன செய்யும்? தவறு மைனஸில் இருந்தது. மைனஸ் மூன்றை மைனஸ் இரண்டால் பெருக்கினால் பிளஸ் ஆறு, விடை 6.

தெரியாமல் செய்துவிட்டான் என்று நினைத்து இன்னும் நாலு கணக்கு கொடுத்தேன். அடைப்புக்கு முன்னால் பிளஸ் இருந்தால் சரி, மைனஸ் இருந்தால் தவறு. பிறகு சென்டரில் போட்ட தாள்களைக் கொண்டுவரச் சொல்லிப் பார்த்தேன். ஒரே மாதிரிக் கணக்கு நாற்பது, நாற்பதும் சரி. ஆமாம், முதல் கணக்கைப் பார்த்து மற்ற முப்பத்தொன்பதையும் போட்டுவிடலாம். அது கை செய்கிற வேலை. அடுத்த நாளிலிருந்து பதினோரு நாள், தினம் நாற்பது நிமிடம், நாங்கள் ஆறாம் வகுப்புக்குத் திரும்பிப் போனோம். “உனக்கு ஒரு நண்பனிடம் மூன்று டாலர் கடன் இருக்கிறது, இப்படி இரண்டு கடன்களை அவன் தள்ளுபடி செய்துவிட்டால் உன் நிலைமை எவ்வளவு உயர்ந்தது?” என்று கேட்டபோது, “ஆறு டாலர்” என்று சொல்லிவிட்டு, ஒரு நிமிடம் பேசாமல் இருந்து, “அதனாலதான் பிளஸ்ஸா?” என்று கேட்டான் பார், அந்தக் கேள்விக்காகத்தான் நான் முப்பத்து நான்கு வருடம் சாக்பீஸ் பிடித்தேன். இதை அப்போதே உன்னிடம் சொல்லியிருக்கவேண்டும். விருந்துக்கு வந்தவன் குறை சொன்னான் என்று ஆகிவிடக் கூடாதென்று விட்டுவிட்டேன்.

இப்போது என் கதைக்கு வருகிறேன். நம் மாவட்டத்தைப் பற்றி உனக்குத் தெரியாததல்ல. பிளஸ் டூ மார்க்குக்காக வெளியூரிலிருந்தெல்லாம் பிள்ளைகளைக் கொண்டுவந்து நாமக்கல் பக்கத்து விடுதிப் பள்ளிகளில் சேர்த்த காலம் அது. பல தனியார் பள்ளிகளில் ஒன்பதாம் வகுப்பில் பத்தாம் வகுப்புப் பாடம்; பிளஸ் ஒன் பாடத்தை ஒதுக்கிவிட்டு இரண்டு வருடமும் பிளஸ் டூ பாடம். அந்தப் பிள்ளைகள் சிலர் என்னிடமும் டியூஷன் வந்தார்கள். பிளஸ் ஒன் நடத்தவில்லை என்று தெரிந்தும் நான் பெற்றோரிடம் வாய் திறக்கவில்லை. அவர்கள் கேட்டது பிளஸ் டூ. நான் கொடுத்தது பிளஸ் டூ. 2006இல் ஒரு பையன் 200க்கு 194 எடுத்தான். அவன் அப்பா ஒரு தட்டு நிறையப் பழமும் வேட்டியும் கொண்டுவந்து கொடுத்தார். அடுத்த வருடம் அதே பையன் இன்ஜினியரிங் முதல் செமஸ்டரில் கணக்கில் அரியர் வைத்துவிட்டு நம் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்தான். முக்கோணவியலும் எல்லையும் வகையிடலின் தொடக்கமும் பிளஸ் ஒன் புத்தகத்தில் இருந்தவை. அவற்றை அவன் பார்த்ததே இல்லை. “சார், உங்ககிட்டதான சார் படிச்சேன்” என்றான். பழி சொல்லவில்லை, உதவி கேட்டுத்தான் வந்தான். எனக்குத்தான் அன்று அந்த வேட்டி நினைவுக்கு வந்தது.

அரசு பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு என்று 2017-18இல் கொண்டுவந்ததற்கு இந்தத் தாவல் ஒரு முக்கியக் காரணம். நான் உங்கள் வீட்டில் இருந்த ஆகஸ்டில்தான் புதிய மாநிலக் கல்விக் கொள்கை வந்து, அந்தத் தேர்வு இனி இல்லை என்று ஆயிற்று. பழையபடி தாவமாட்டார்கள் என்று நம்பவேண்டியதுதான்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். நான் பாடம் எடுத்த வகுப்புப் பிள்ளைகளே என்னிடம் டியூஷனுக்கும் வந்தார்கள். வகுப்பில் வேண்டுமென்றே எதையும் மறைத்து வைக்கவில்லை என்று என்னால் சொல்ல முடியும். ஆனால் வராத பிள்ளைகள் அப்படி நினைக்காமல் இருந்திருப்பார்களா? 2010 ஏப்ரலில் கல்வி உரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. ஆசிரியர்கள் தனிப்பயிற்சி நடத்தக் கூடாது என்று அதன் 28ஆம் பிரிவு சொல்கிறது. அந்த ஜூனில் நிறுத்தினேன். உன் அம்மா அன்று பால் கணக்கைப் பாதியாக்கினாள். காலை டீயே நாற்பது பேருக்கு அல்லவா போய்க்கொண்டிருந்தது.

டியூஷனே கூடாது என்று இதற்கு அர்த்தமில்லை. 1984இல் பெஞ்சமின் புளூம் என்ற அமெரிக்கக் கல்வியாளர் வெளியிட்ட கட்டுரையில், ஒருவருக்கு ஒருவர் என்று பயிற்சி பெற்ற சராசரி மாணவன், சாதாரண வகுப்பில் படித்த மாணவர்களில் 98 சதவீதம் பேரைவிட மேலே வந்தான் என்று இருந்தது. பிற்பாடு நடந்த ஆய்வுகளில் பலன் அவ்வளவு பெரிதாகத் தெரியவில்லை. இருந்தாலும் பலன் இருக்கிறது. ஆனால் அந்தப் பயிற்சியின் விதியைப் பார்: ஒரு பகுதி நன்றாகப் பிடிபட்டது என்று சோதித்துத் தெரிந்த பிறகுதான் அடுத்த பகுதி. உங்கள் மாநிலத்திலும் ஸ்டார் என்ற மாநிலத் தேர்வில் தேறாத பிள்ளைகளுக்குப் பள்ளியே கூடுதல் பயிற்சி தரவேண்டும், பொதுவாக ஒரு ஆசிரியருக்கு நாலு பிள்ளைக்கு மேல் இருக்கக் கூடாது என்று சட்டம் வைத்திருக்கிறார்கள். நான் நாற்பது பேரை வைத்துக்கொண்டு அதற்கு டியூஷன் என்று பெயர் சொல்லிக்கொண்டிருந்தேன். கவின் போகும் சென்டரில் ஒரு மேஜைக்கு எத்தனை பேர் என்று நீ எண்ணிப் பார்த்திருக்கிறாயா?

அங்கே பள்ளி ஆசிரியர்களே வகுப்புக்கு முன்னும் பின்னும் ‘டுடோரியல்’ என்று உட்கார்ந்து, சந்தேகம் கேட்கும் பிள்ளைகளுக்குச் சொல்லித்தருகிறார்கள் என்று கவின் சொன்னான். காசு கிடையாது. பரீட்சைத் தாளைத் திருத்துபவரே எதிரில் இருக்கிறார். “நீ போவாயா?” என்று கேட்டேன். “மூணு நாள் ஸ்கூல் விட்டதும் சென்டருக்குக் கார் வந்துடும் அப்புச்சி” என்றான்.

கல்லூரிச் சேர்க்கைத் தேர்வான எஸ்.ஏ.டி.க்கு நீ வைத்திருக்கும் வகுப்பைப் பற்றி அதிகம் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. நேஷனல் மெரிட் உதவித்தொகைக்குக் கணக்கில் எடுக்கும் பி.எஸ்.ஏ.டி. என்ற முன்தேர்வு பதினொன்றாம் வகுப்பு அக்டோபரில்தான் வருகிறது. மாதிரித் தேர்வுகள் இலவசமாகவே கிடைக்கின்றன. ஒன்பதாம் வகுப்பில் அதற்குப் பணம் கட்டுவதைவிட அந்த நேரத்தில் பையன் தூங்கலாம்.

அல்ஜீப்ரா இரண்டைப் பற்றி மட்டும் நான் ஒன்று கேட்கிறேன். முன்பு படிக்காத பாடத்தை கிரெடிட் பை எக்ஸாமில் தாண்ட 80 சதவீதம் வேண்டும் அல்லவா? அதே அளவுகோலை இப்போதே வைப்போம். வருகிற சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு, முன்கூட்டி எதுவும் சொல்லாமல், நான் அனுப்புகிற இருபது கணக்கைக் கவினிடம் கொடு. எல்லாம் அவன் ஏற்கெனவே முடித்த அல்ஜீப்ரா ஒன்றுதான். ஆனால் வகை வாரியாக இல்லாமல் கலந்து இருக்கும். கால்குலேட்டர் வேண்டாம். ஒரு மணி நேரம். நமக்கு அப்போது இரவு ஏழரை; நான் சாப்பாட்டை முடித்துவிட்டுக் காத்திருப்பேன். விடையை மட்டும் அனுப்பாதே. அவன் போட்ட வரிகள், அடித்த வரிகள் எல்லாம் தெரிகிற மாதிரி வாட்ஸப்பில் படம் எடுத்து அனுப்பு. பதினாறோ அதற்கு மேலோ சரியாக இருந்தால் கோடை டியூஷனில் தாராளமாகச் சேர்த்துவிடு, நான் மறுபேச்சு பேசமாட்டேன். குறைந்தால், ஜூனிலிருந்து எட்டு வாரம் தினம் காலை நாற்பது நிமிடம் வீடியோவில் அவனை என்னிடம் விடு. ஃபீஸ் கிடையாது, டீயும் நீங்களே போட்டுக்கொள்ளலாம்.

எக்ஸ்/3 கணக்கு அந்த இருபதில் இருக்கிறது. அவனிடம் சொல்லிவிடாதே.

அன்புடன்,
அப்பா