கிட்டாருக்கு இரண்டு நாள் போதாது

ஆசிரியருக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பில் எலெக்ட்ரிக் கிட்டாரை வீட்டிலேயே செய்வது பற்றி ஒரு முழுப் பக்கக் கட்டுரை வந்திருந்தது. இந்த மாதிரி விஷயத்துக்கு ஒரு நாளிதழ் இவ்வளவு இடம் ஒதுக்கியதே எனக்குப் பெரிய சந்தோஷம், காலையிலேயே இரண்டு தடவை படித்துவிட்டேன். இரண்டாவது தடவைதான் வயிற்றைக் கலக்கியது. மரத்தை வெட்டு, நெக்கை (கம்பிகள் ஓடும் கழுத்துப் பகுதி) மாட்டு, ஸ்பிரே அடி, இரண்டே நாளில் வாசி என்கிற தோரணையில் கட்டுரை ஓடுகிறது. கூடவே பெரிய வண்ணப்படம்: ஜன்னல் மூடிய அறை, முகத்தில் ஒரு கைக்குட்டைகூட இல்லாமல் ஒருவர் சிரித்துக்கொண்டே பெயிண்ட் அடிக்கிறார். நான் ஐந்து வருடத்தில் மூன்று கிட்டார் செய்திருக்கிறேன், அதில் ஒன்றுதான் நாலு பேர் பார்க்கும்படி இருக்கிறது. மற்ற இரண்டையும் கெடுத்த அனுபவத்தில்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் அந்தப் படம். கிட்டாருக்கு அடிக்கும் நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர் என்கிற பளபளப்புப் பூச்சில் இருக்கும் கரைப்பான் சட்டென்று தீப்பற்றக்கூடியது, மூடிய அறைக்குள் அதன் ஆவி தங்கிவிட்டால் ஒரு ஸ்விட்ச் பொறி போதும். இரண்டு டப்பாக்களைக் கலந்து அடிக்கிற பாலியூரித்தேன் பூச்சு இன்னும் மோசம், அதைக் கெட்டியாக்கும் திரவத்தில் ஐசோசயனேட் இருக்கிறது, அது நுரையீரலுக்குள் போனால் ஆஸ்துமாவையே வரவழைக்கும். தூசிக்குப் போடும் சாதாரண மாஸ்க் இதற்கு உதவாது, மூக்கில் ஒன்றைக் கட்டியிருக்கிறோம் என்கிற திருப்தியைத் தவிர அதில் ஒன்றும் கிடைக்காது. லாக்கருக்காவது ஆவியைப் பிடிக்கும் கார்ட்ரிட்ஜ் வைத்த முகக்கவசமும் காற்றோட்டமான திறந்த இடமும் போதும். இரண்டு டப்பா சமாச்சாரத்துக்கு வெளியிலிருந்து குழாயில் சுத்தமான காற்று வரும் ஏற்பாடு வேண்டும். வீட்டில் அது நடக்கிற காரியமா? அதனால் வீட்டில் செய்கிறவர்கள் அதைத் தொடாமல் இருப்பதே நல்லது என்பது என் கட்சி. தேய்க்கும்போது பறக்கிற மரத்தூளையும் சும்மா தூசி என்று விட்டுவிடக் கூடாது, உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு அதைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதல் வகையில் வைத்திருக்கிறது.

சரி, ஸ்பிரேயே வேண்டாம், எண்ணெய் தடவிக்கொள்கிறேன் என்பவர்களுக்கு வேறொரு கண்ணி இருக்கிறது. கட்டுரையில் ஆளி விதை எண்ணெயைப் பற்றி நாலு வரி பாராட்டி எழுதியிருந்தார்கள், பாராட்ட வேண்டியதுதான், மரம் தண்ணீர் பட்ட கூழாங்கல் மாதிரி பளிச்சென்று எழுந்து வரும். ஆனால் அந்த எண்ணெய் காற்றிலிருக்கும் ஆக்ஸிஜனோடு சேர்ந்துதான் காய்கிறது, சேரும்போது சூடு கிளம்புகிறது. மரத்தின் மேல் மெல்லிசாக இருக்கும்வரை அந்தச் சூடு காற்றோடு போய்விடும். துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பைக் கூடையில் போட்டால் சூடு வெளியே போக வழியில்லாமல் உள்ளுக்குள்ளேயே ஏறி, சில மணி நேரத்தில் துணி தானாகவே பற்றிக்கொள்ளும். யாரும் தீக்குச்சி கிழிக்கத் தேவையில்லை. எனக்கு இது தெரியாத காலத்தில், ஒரு மாலை துடைத்துப் போட்ட துணியை ஒரு மணி நேரம் கழித்து எதற்கோ கையில் எடுத்தேன், இஸ்திரி போட்டு அப்போதுதான் மடித்த சட்டை மாதிரி கதகதவென்று இருந்தது. அன்றிலிருந்து துணியை விரித்து வெளியில் ஒற்றையாகத் தொங்கப்போட்டு, விறைத்துக் காய்ந்த பிறகுதான் எறிகிறேன். தண்ணீர் ஊற்றிய தகர டப்பாவில் போட்டு மூடி வைத்தாலும் சரிதான். இதைக் கட்டுரையில் ஒரு வரி சொல்லியிருக்கலாம்.

அடுத்தது அந்த இரண்டு நாள் கணக்கு. பாடியை, அதாவது கிட்டாரின் உடல் பலகையை, அளவுக்கு வெட்டி, மரத்தைக் குடையும் ரவுட்டரால் பிக்கப் (கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் பாகம்) குழிகளைத் தோண்டி, ஓரத்தை உருட்ட ஒரு நாள் போதும் என்பதை ஒத்துக்கொள்கிறேன், மரம் ரேகைக்கு எதிராகப் பெயர்ந்து ஒரு துண்டு எகிறிப் போகாமல் இருந்தால். அதற்கப்புறம் உப்புத்தாள். 120, 180, 220 நம்பர் என்று, சொரசொரப்பிலிருந்து நைசுக்கு, ஒன்றன்பின் ஒன்றாகப் போக வேண்டும், ஒன்றைத் தாண்டிக் குதித்தால் முந்தைய தாளின் கீறல் அப்படியே அடியில் நிற்கும். வெறும் மரத்தில் அது கண்ணுக்குத் தெரியாது, சாயம் பட்டவுடன் பூனை பிறாண்டிய மாதிரி எழுந்து வரும். நான் செய்கிற ஒரு சின்ன வேலை: ஒவ்வொரு தாளுக்கு முன்னாலும் பாடி முழுக்கப் பென்சிலால் கிறுக்கிவிடுவேன், கிறுக்கல் கடைசிவரை போனால்தான் அடுத்த தாள். பார்க்கிறவர்கள், இவ்வளவு பாடுபட்டு வழவழப்பாக்கியதில் ஏன் குழந்தை மாதிரி கிறுக்குகிறாய் என்று கேட்பார்கள்.

என் முதல் கிட்டார் மஹோகனி. அந்த மரத்தில் ஊசி குத்தியது போல நுண்துளைகள் இருக்கும், பெயிண்டுக்கு முன்னால் அவற்றை நிரப்பும் பசையைத் தேய்த்து அடைக்க வேண்டும். பெயிண்டே அடைத்துக்கொள்ளும் என்று விட்டுவிட்டேன். அடித்து முடித்த அன்று கண்ணாடிதான், முகம் பார்த்துத் தலை வாரலாம். ஆறு வாரம் கழித்து வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் மேல்பரப்பு முழுக்க ஆரஞ்சுத் தோல் மாதிரி சின்னச் சின்னப் பள்ளங்கள். லாக்கர் காயக் காயச் சுருங்கும், சுருங்கும்போது அடியில் இருக்கும் துளைக்குள் இறங்கும். அதற்கு மேல் எத்தனை தடவை அடித்தாலும் அதே கதைதான் என்று மொத்தத்தையும் சுரண்டி எடுத்தேன். 'கல்யாணம் பண்ணிப்பார், வீட்டைக் கட்டிப்பார்' என்று சொன்னவர்கள் கிட்டாருக்குப் பெயிண்ட் அடித்துப் பார்த்ததில்லை போலிருக்கிறது.

காத்திருப்புதான் இந்த வேலையில் பாதிக்கு மேல். தொட்டால் ஒட்டவில்லை என்பதற்குக் காய்ந்துவிட்டது என்று அர்த்தம் கிடையாது. நைட்ரோ லாக்கர் என்றால் கடைசிப் பூச்சுக்குப் பிறகு மூன்று நான்கு வாரம் தொங்கவிட வேண்டும், ஈரக்காற்று வீசும் காலமென்றால் இன்னும் கூடுதலாக. கடிகாரத்தைவிட மூக்கை நம்பலாம், பாடியின் மேல் மூக்கை வைத்து முகர்ந்தால் கரைப்பான் வாசனை வருகிறதா, இன்னும் காயவில்லை. வாசனை நின்ற பிறகுதான் தண்ணீர் தொட்டு 1000, 1500, 2000 நம்பர் தாள்களால் தேய்த்துப் பிறகு பாலிஷ். இரண்டாவது கிட்டாரில் இதை எல்லாம் ஒழுங்காகச் செய்தேன், கடைசி அரை மணி நேரத்தில் கோட்டை விட்டேன். கொம்பு மாதிரி வளைந்து வருகிற இடத்தில், ஓரத்தில், ஒரு சின்னக் கோடு தெரிந்தது, இன்னும் நாலு இழுப்பு இழுத்தால் போய்விடும் என்று இழுத்தேன். ஓரங்களில் பெயிண்ட் எப்போதுமே மெலிதாகத்தான் நிற்கும். நீலம் வெளுத்து, வெள்ளை பிரைமர் தெரிந்து, அடுத்த இழுப்பில் மரமே எட்டிப் பார்த்தது, சுண்டுவிரல் நகம் அளவுக்கு. தாளைக் கீழே வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இப்போது தட்டையான இடங்களை மட்டும் கட்டையில் தாளைச் சுற்றித் தேய்க்கிறேன், ஓரத்தில் வெறும் பாலிஷ்தான்.

கட்டுரையில் சொல்லாமல் விட்ட இன்னொன்று, நெக் உட்காரும் குழி. நெக் வழுவழுவென்று இறுக்கமாக உட்கார வேண்டும் என்பதற்காக நாம் மில்லிமீட்டர் கணக்கில் மெனக்கெட்டு வெட்டியிருப்போம், அப்புறம் அதற்குள்ளேயும் ஆறேழு பூச்சு பெயிண்டை நிரப்பிவிட்டு, நெக் நுழையவில்லையே என்று தட்டினால் மூலையிலிருந்து பெயிண்டில் விரிசல் கிளம்பும். குழியை டேப் ஒட்டி மறைத்துவிட்டுத்தான் பெயிண்ட். திருகு ஓட்டைகளையும் பெயிண்டுக்கு முன்னாலேயே போட்டுவிட வேண்டும். மாட்டும்போது திருகின் மரையில் கொஞ்சம் மெழுகு தடவினால் கெட்டி மரத்தில் தலை முறியாது.

பிரிட்ஜ் விஷயத்தில் கட்டுரை சொன்னது பாதி சரி. நெக்கின் மேல்முனையில் கம்பிகள் தங்கும் நட்டிலிருந்து பன்னிரண்டாவது ஃபிரெட்டுக்கு (நெக்கின் குறுக்கே பதித்த உலோகக் கோடு) எவ்வளவு தூரமோ அதே தூரம் அங்கிருந்து பாடியில் கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜுக்கு, 648 மில்லிமீட்டர் ஸ்கேல், அதாவது கம்பி அதிரும் நீளம், என்றால் 324க்கு 324. ஃபிரெட் இடைவெளியும் இதே கணக்குதான், மிச்சமிருக்கும் நீளத்தை ஒவ்வொரு தடவையும் 17.817 ஆல் வகுத்து, வருவதை அடுத்த இடைவெளியாகக் கழித்துக்கொண்டே போனால் சரியாகப் பன்னிரண்டாவதில் பாதிக்கு வந்து நிற்கும், முதல் ஃபிரெட் நட்டிலிருந்து 36.4 மில்லிமீட்டர். ஆனால் கம்பியை அழுத்தும்போது அது இழுபட்டுச் சுருதி கொஞ்சம் ஏறும், தடித்த கம்பியில் அதிகமாக ஏறும். அதைச் சரிக்கட்ட ஒவ்வொரு கம்பியும் கொஞ்சம் கூடுதல் நீளம் கேட்கும். எனவே மெல்லிய கம்பிக்கான சேடிலை (பிரிட்ஜில் கம்பி தங்கும், முன்பின் நகரும் துண்டு) ஏறக்குறைய முன்கோடிவரை தள்ளி வைத்து, அது 648இல் வருகிற மாதிரி பிரிட்ஜைக் குறிக்க வேண்டும், அப்போதுதான் மற்றவை பின்னால் போக இடம் இருக்கும். சேடிலை நடுவில் வைத்துக் குறித்த என் நண்பர் ஒருவர், தடித்த 'E' கம்பி எவ்வளவு பின்னால் போயும் சுருதி சேராமல், பெயிண்ட் அடித்த பாடியில் பிரிட்ஜைக் கழற்றிப் புது ஓட்டை போட்டார். பிரிட்ஜுக்கு அடியில் எர்த் கம்பியை மறக்காமல் விட வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அது இல்லாவிட்டால் ஆம்ப்ளிஃபயர் வண்டு மாதிரி ரீங்காரம் போடும், கம்பியில் கை வைத்தாலும் அடங்காது.

எந்த மரம் இனிமையாகப் பாடும் என்று கட்டுரையின் கால்வாசியைச் செலவழித்திருக்கிறார்கள். இந்தச் சண்டைக்குள் நான் போகவில்லை, போனால் கடிதம் முடியாது. கிட்டார் கலைஞர் லெஸ் பால் 1940 வாக்கில் நாலுக்கு நாலு அங்குலப் பைன் கட்டையில் கம்பியும் பிக்கப்பும் மாட்டி வாசித்துக் காட்டினார், பார்க்கக் கிட்டார் மாதிரி இருக்க வேண்டுமே என்று இரண்டு பக்கமும் ஒரு கிட்டாரின் பாதிகளைப் பிறகுதான் ஒட்டினார். என்னைக் கேட்டால் மரத்தின் பெயரைவிட அதன் ஈரம் முக்கியம், எட்டு சதவீதம் வாக்கில் காய்ந்திருக்க வேண்டும். கம்பிகள் எல்லாம் சேர்ந்து நாற்பத்தைந்து கிலோ அளவுக்கு நெக்கை இழுத்துக்கொண்டே இருக்கும், பச்சை மரத்தில் செய்த நெக் முறுக்கிக்கொண்டால் உள்ளே இருக்கும் டிரஸ் ராடாலும் (இறுக்கித் தளர்த்தும் இரும்புக் கம்பி) நிமிர்த்த முடியாது, அது வளைவைத்தான் சரிசெய்யும், முறுக்கலை அல்ல.

இதையெல்லாம் படித்து யாரும் பயந்துவிடக் கூடாது. 1950இல் லியோ ஃபெண்டர் விற்பனைக்குக் கொண்டுவந்த கிட்டார் ஒரு தட்டையான பலகையும் நாலு திருகில் மாட்டிய நெக்கும்தான், அவர் ரேடியோ ரிப்பேர் செய்தவர், கிட்டார் வாசிக்கத் தெரியாதவர். குயின் ராக் இசைக்குழுவின் கிட்டார் கலைஞர் பிரையன் மே, பள்ளிப் பருவத்தில் 1963இல் தன் அப்பாவோடு சேர்ந்து வீட்டிலேயே செய்யத் தொடங்கிய கிட்டாரைத்தான் பிறகு பல பத்தாண்டுகளாக மேடைகளில் வாசித்துவருகிறார். அதன் நெக், பழைய கணப்படுப்பின் மேல் சட்டமாக இருந்த மரம். சுருதியை அசைத்து ஆட்டும் கைப்பிடிக்கு மோட்டார் சைக்கிளின் வால்வு ஸ்பிரிங், ஃபிரெட் பலகையில் புள்ளிகளாக அம்மாவின் தையல் பெட்டியிலிருந்த முத்துச்சிப்பிப் பொத்தான்கள். கருவி வாங்க வசதி இல்லாமல்தான் அப்பாவும் மகனும் அதில் இறங்கினார்கள். முடிக்க அவர்களுக்கு ஏறக்குறைய இரண்டு வருடம் ஆனது, உங்கள் கட்டுரையில் இரண்டு நாள்.

புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு என் யோசனை இதுதான்: ஃபிரெட் போட்டு முடித்த நெக்கை விலைக்கு வாங்கிக்கொண்டு பாடியை மட்டும் நீங்கள் செய்யுங்கள், எண்ணெய்ப் பூச்சே போதும், தப்பு வந்தால் அந்த இடத்தை மட்டும் தேய்த்து மறுபடி தடவிக்கொள்ளலாம். என் மூன்றாவது கிட்டார் அப்படிச் செய்ததுதான். மேலே சொன்ன, நாலு பேருக்குக் காட்டும் கிட்டார் அதுவே.

ஆசிரியருக்கு ஒரு வேண்டுகோள். இந்தப் பக்கத்தின் தொடர்ச்சி வரும் என்று போட்டிருக்கிறீர்கள். அதில் எண்ணெய்த் துணியைப் பற்றிய அந்த ஒரு வரியைப் பெரிய எழுத்தில் போடுங்கள், அப்புறம் முகக்கவசம் மாட்டிக்கொண்டு வெளியில் நின்று ஸ்பிரே அடிக்கிற ஒருவரின் படத்தைப் போடுங்கள். சிரிப்பு தெரியாது, பரவாயில்லை.

இப்படிக்கு,
விரல் நுனியில் இன்னும் நீலச் சாயம் போகாத ஒரு வாசகர்