அரேயில் ஏற்றுவதற்கு முன்

அன்புள்ள ரவி,

மகள் கல்லூரியில் சேர்ந்த செய்தி சந்தோஷம். ஹாஸ்டல் சாப்பாட்டுப் புலம்பலை முதல் மாதம் காதில் வாங்காதே. எனக்குக் கண்புரை ஆபரேஷன் முடிந்து, ஏஎஸ்/400 (ஐபிஎம் கம்ப்யூட்டர்) பச்சைத் திரை மறுபடி பச்சையாகவே தெரிகிறது.

சரி, உன் ஆர்பிஜி (ஏஎஸ்/400-இன் புரோகிராம் மொழி) ஜாப்பில் வரும் விலைப்பட்டியல். இன்வாய்ஸின் ஒவ்வொரு வரிக்கும் செயின் (கீயை, அதாவது தேடும் கோடை வைத்து ஃபைலிலிருந்து ஒரு ரெக்கார்டைப் படிப்பது) போடுவதால்தான் ராத்திரி ஜாப் இழுக்கிறது, எல்லாவற்றையும் அரேயில் (மெமரியில் அடுத்தடுத்து இருக்கும் இடங்கள்) ஏற்றிவிடலாம் என்கிறாய். முதலில் அளந்து பார். அடிக்கடி தொடும் டேட்டாப் பக்கங்களை, இடம் இருக்கும்வரை, சிஸ்டமே மெமரியில் வைத்திருக்கும். நீ நினைக்கும் அளவுக்கு நேரம் மிச்சமாகாமல் போகலாம்.

அளந்த பிறகும் அரேதான் என்றால், டிக்ளேர் செய்யும்போது அசெண்ட் (ஏறுவரிசை) கொடு. அது இருந்தால்தான் லுக்கப் (அரேயில் தேடுவது) பைனரி சர்ச் (பாதி பாதியாக ஒதுக்கித் தேடுவது) செய்யும். இல்லாவிட்டால் முதலிலிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு போகும். 20,000 பொருளில் ஒன்றைப் பிடிக்க அதிகபட்சம் 15 ஒப்பீடு எங்கே, சராசரியாக 10,000 எங்கே!

இதில் ஒரு வில்லங்கம் உண்டு. 20,000 இடம் ஒதுக்கி 12,000 மட்டும் நிரப்பியிருப்பாய். அப்படியே சார்ட்-ஏ (அரேயை வரிசைப்படுத்தும் கட்டளை) போட்டால் காலி இடங்களும் வரிசையில் சேரும். எபிசிடிக்கில் (இந்த மெஷின் எழுத்துகளைக் குறிக்கும் முறை) பிளாங்க் என்பது ஹெக்ஸ் 40. எழுத்து, எண் இரண்டைவிடவும் சிறியது. அந்த 8,000 காலியும் முன்னால் வந்து உட்கார்ந்துகொள்ளும். முதல் 12,000-க்குள் தேடினால் மூன்றில் இரண்டு பங்குப் பொருள் 'இல்லை' என்று வரும். சப்அரே போட்டு நிரம்பிய பகுதியை மட்டும் சார்ட் செய். இன்னொன்று, எபிசிடிக்கில் எழுத்துக்கு அப்புறம்தான் எண். பிசியில் வரிசைப்படுத்தி வந்த பட்டியலை நம்பி அப்படியே ஏற்றாதே.

பொருள் கோடோடு விலை, தள்ளுபடி எல்லாம் சேர்ந்து நகர வேண்டுமானால், சிஸ்டத்தின் 7.1 வெர்ஷன் முதல் டேட்டா ஸ்ட்ரக்சர் (பல ஃபீல்டுகள் சேர்ந்த தொகுப்பு) அரேயையே ஒரு சப்ஃபீல்டை வைத்துச் சார்ட் செய்யலாம். கீ இரண்டு என்றால் நான் இன்னும் சி லைப்ரரியில் வரிசைப்படுத்தும் க்யூசார்ட்டைத்தான் கூப்பிடுகிறேன். ஒப்பிடும் புரோசீஜரை ஒருமுறை எழுதினால் போதும், தேடும்போது அதே லைப்ரரியின் பிசர்ச்சுக்கும் அதையே கொடுக்கலாம். புரோசீஜர் பாயிண்டரை (புரோசீஜர் இருக்கும் இடத்தின் முகவரி) கண்டு புதுப் பையன்கள் மிரள்கிறார்கள். மிரளட்டும்!

ஜாப் ஓடும்போதே புதுப் பொருள் வந்துகொண்டிருந்தால் கதை வேறு. ஒவ்வொன்றுக்கும் மறுபடி சார்ட் செய்வது கட்டுப்படியாகாது. க்யூடெம்பில் (ஜாப்பின் தற்காலிக லைப்ரரி) ஒரு யூசர் இண்டெக்ஸ் உருவாக்கு. போடப் போட அதுவே கீ வரிசையில் வைத்துக்கொள்ளும். அதைக் கையாளும் ஏபிஐ (சிஸ்டம் தரும் புரோகிராம்) பாராமீட்டர்களைப் பார்த்தால் தலை சுற்றும், ஒரு சர்வீஸ் புரோகிராமுக்குள் (மற்ற புரோகிராம்கள் கூப்பிடும் புரோசீஜர் தொகுப்பு) மூடி வைத்துவிடு.

உன் பட்டியல் இதில் எந்த வகை என்று எழுது. கீ ஃபீல்டுகளின் நீளத்தையும் அனுப்பினால் ஒப்பிடும் புரோசீஜரை நானே எழுதித் தருகிறேன்.

அன்புடன்,
கணேசன்