எட்டு மணி நேரமும் ஆறு நிமிடமும்

சாட்ஸ்வொர்த், டர்பன்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் நலம். நீ பார்க்கச் சொல்லி அனுப்பிய மூன்று திரைப்படங்களையும் பார்த்தேன். மனத்தில் பட்டதை மறைக்காமல் எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதே.

அமெரிக்க ஓவியர் ஆண்டி வார்ஹோல் 1964இல் எடுத்த ‘எம்பயர்’ படத்தின் முன் அரை மணி நேரம் உட்கார்ந்தேன். நியூயார்க்கின் எம்பயர் ஸ்டேட் கட்டடம் மட்டும்தான், அசையாத கேமரா, ஒலியே கிடையாது. எட்டு மணி நேரத்துக்கு மேல் இப்படியே ஓடுமாமே! எட்டு மணி நேரம் என்றால் என்னவென்று எனக்குத் தெரியும் கண்ணு. தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருடம் அதைத்தான் தினமும் தையல் மெஷினுக்குக் கொடுத்தேன். கழிப்பறைக்குப் போனால்கூடக் கடிகாரத்தைப் பார்ப்பார்கள். நேரம் நகர்வதை உணரவைப்பதே அந்தப் படத்தின் நோக்கம் என்று எழுதியிருந்தாய். அதை உணர எனக்கு ஒரு படம் வேண்டியதில்லை.

ஸ்டான் பிராக்கேஜ் என்ற அமெரிக்கரின் அந்துப்பூச்சிப் படம் கண்ணை உறுத்தியது. ஆனால் கேமரா இல்லாமல், செத்த பூச்சிகளின் இறக்கைகளைக் கையால் ஒட்டியே செய்திருக்கிறார். நான்கு நிமிடத்தில் முடிந்தும்விட்டது. அதன்மேல் எனக்கு வருத்தமில்லை.

நம் ஜோகன்னஸ்பர்க் ஓவியர் வில்லியம் கென்ட்ரிட்ஜின் ‘மைன்’ (சுரங்கம்) படத்தைத்தான் இரண்டு முறை பார்த்தேன். 1991இல் எடுத்தது, ஆறு நிமிடம்தான். கரியால் வரைகிறார், அழிக்கிறார், அதே தாளில் மறுபடி வரைகிறார். அழித்த கோடு முழுதாகப் போகாமல் புகைபோல நிற்கிறது. கறுப்புத் துணியில் சாக்பீஸ் கோட்டைத் தப்பாகப் போட்டுத் தட்டிவிட்டாலும் தடம் இருக்குமே, அதேபோல. படுக்கையில் சாய்ந்திருக்கும் முதலாளி காப்பி வடிக்கும் குடுவையில் மேலிருந்து அழுத்தும் பிடியைக் கீழே அழுத்துகிறார். அது தட்டைத் துளைத்து, கட்டிலைத் துளைத்து, பூமிக்குள் சுரங்கத் தொழிலாளர்கள் இருக்கும் இடம்வரை இறங்குகிறது. யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கு நெஞ்சை அடைத்தது. அப்பாவையும் கூப்பிட்டுக் காட்டினேன். முடிந்த பிறகும் அவர் எழுந்திருக்கவில்லை.

புரியவில்லை என்பதற்காக நான் எந்தப் படத்தையும் தள்ளவில்லை அம்மா. என் நேரத்தை வாங்கிக்கொண்டு ஒன்றுமே தராதபோதுதான் மனம் ஆறவில்லை.

டிசம்பரில் வந்து, நான் தைப்பதை ஒரு மணி நேரம் அசையாத கேமராவில் எடுக்கப்போவதாகச் சொன்னாய். வா, எடு. ஆனால் கேமராவைக் கதவோரம் வைக்காதே, ஊசிக்குப் பக்கத்தில் வை. இந்த விரலில் ஊசி ஏறிய தழும்பு தெரியட்டும். நூல் அறுந்தால் கேமராவை நிறுத்திவிடாதே. நான் மறுபடி கோத்து முடிக்கும்வரை ஓடட்டும்.

அன்புடன்,
அம்மா