நீ வராத அந்த நான்கு நாள்

அன்பு மகள் கயலுக்கு,

நல்லபடியாக ஊர் வந்து சேர்ந்தோம். தினமும் போனில் பேசுகிறோமே, கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனை எடுத்தாலே “லீவு கிடைக்காமப் போச்சே, உங்களைத் தனியா அனுப்பிட்டேனே” என்று அதிலேயே வந்து நிற்கிறாய். நாங்கள் பார்த்ததை முழுசாகச் சொல்ல முடியவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் வண்டி விஷயம். 27 வருஷம் அரசுப் பேருந்து ஓட்டியவன்தான். ஆனாலும் ஜெர்மனியில், ஸ்டுட்கார்ட்டில் நீ வாடகைக் காரின் சாவியைக் கொடுத்தபோது உள்ளங்கை வேர்த்தது. அங்கே ஸ்டியரிங் இடது பக்கம், கியர் வலது கைக்கு; முதல் ஒரு மணி நேரம் இடது கை கியரைத் தேடிக் கதவில் போய் இடித்தது. ஒரு சந்திப்பில் வலது பக்கமிருந்து வந்த காருக்கு நான் வழிவிடவில்லை. பலகை இல்லாத இடத்தில் வலது பக்கத்து வண்டிதான் முதலில் போக வேண்டும் என்று நீ படித்துப் படித்துச் சொல்லியிருந்தாய்; கால் பழைய வழக்கத்தில் போய்விட்டது. அந்த மனிதர் பிரேக் போட்டு நிறுத்திக்கொண்டார். உன்னிடம் மறைக்க மனம் வரவில்லை. அதற்கப்புறம் பிசகவில்லை. ஊர்ப் பெயர் எழுதிய மஞ்சள் பலகை வந்தால் வேகம் 50. அந்தப் பெயர்தான் கணக்கு, வேறு எண் போட வேண்டியதில்லை. எல்லாரும் அந்த இடத்தில் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுக்கிறார்கள். நான்கு நாளும் நான் ஹாரனைத் தொடவே இல்லை, கயல்.

ரோத்தன்பர்க்கில் காரை மதிலுக்கு வெளியே விட்டுவிட்டு உள்ளே நடந்தோம். சாயங்காலம் சுற்றுலாப் பேருந்துகள் கிளம்பியதும் ஊர் அடங்கிவிடுகிறது. நீ போனால் ஓர் இரவு தங்கு. மதில்மேல் கூரை போட்ட நடைபாதை இருக்கிறது. அம்மா முழங்காலைப் பிடித்துக்கொண்டே ஏறி வந்துவிட்டாள். சுவரில் வரிசையாகக் கற்கள். ஒவ்வொன்றிலும் ஒரு பெயர், ஓர் ஊர், பக்கத்தில் இத்தனை மீட்டர் என்று ஒரு கணக்கு. 1945 மார்ச் 31 அன்று குண்டு விழுந்து ஊரின் கிழக்குப் பக்கம் எரிந்து மதிலும் சரிந்ததாம். அப்புறம் எந்தெந்த நாட்டுக்காரர்களோ மீட்டர் கணக்கில் பணம் கொடுத்து அதை எழுப்பியிருக்கிறார்கள். “கோயில் படியில உபயம்னு பேர் வெட்டியிருக்குமே, அது மாதிரி” என்றாள் அம்மா. விரலால் ஒரு ஜப்பானியப் பெயரைத் தடவிக்கொண்டே வெகு நேரம் நின்றாள்.

மிச்ச ஊர் தப்பியதற்கும் ஒரு கதை சொல்கிறார்கள். அமெரிக்கப் போர்த் துறையில் உதவிச் செயலராக இருந்த ஜான் மெக்லாய், பீரங்கியால் இந்த ஊரைத் தாக்க வேண்டாம் என்று தடுத்தாராம். அவருடைய அம்மா முன்பு அங்கே போய், ஊரின் படம் ஒன்றை வாங்கி வந்து வீட்டில் வைத்திருந்தாராம். ராத்திரி முழுக்க எனக்கு அந்தப் படமே நினைவில் இருந்தது.

டிங்கெல்ஸ்பூலில் மதியம் மட்டும்தான் இருந்தோம். அழகான ஊர், மழை பிடித்துக்கொண்டது.

நோர்ட்லிங்கன் ஒரு பள்ளத்துக்குள் இருக்கிறது. சுமார் ஒன்றரைக் கோடி வருஷத்துக்கு முன்னால் விண்கல் விழுந்து உண்டான பள்ளம், குறுக்களவு 24 கிலோமீட்டர். உள்ளே ஓட்டும்போது பள்ளம் என்றே தெரியாது, வயலாகத்தான் தெரியும். 1970-இல் அப்போலோ 14 விண்வெளி வீரர்கள் சந்திரனுக்குப் போவதற்கு முன்னால் இங்கே வந்து பாறைகளைப் பற்றிப் படித்திருக்கிறார்கள். ராத்திரி பத்து மணிக்குக் கோபுரத்துக் காவலர் மேலிருந்து குரல் கொடுத்தார். பன்னிரண்டு மணி வரை அரை மணிக்கு ஒரு தடவை. நம் தெருவில் முன்பு கூர்க்கா விசில் ஊதுவாரே, அதைக் கேட்டுத் தூங்கின மாதிரி நன்றாகத் தூங்கினேன்.

ஆனால் எனக்கு மனசு நின்றது ஆக்ஸ்பர்க்கில்தான். யாக்கோப் ஃபுகர் என்ற பெரும் வணிகர் 1521-இல் ஏழைகளுக்காகக் கட்டிவைத்த குடியிருப்பு, ஃபுகராய். இன்னமும் ஆட்கள் குடியிருக்கிறார்கள். வருஷ வாடகை 88 சென்ட், நம் காசுக்கு நூறு ரூபாய்கூட வராது. தினமும் மூன்று வேளை பிரார்த்தனை செய்ய வேண்டும். இசைமேதை மோட்சார்ட்டின் கொள்ளுத்தாத்தா, ஒரு கொத்தனார், அங்கே குடியிருந்தவராம். எல்லா வீடும் மஞ்சள் சுவர், ஒரே மாதிரி. வாசல் மணியை இழுக்கும் இரும்புப் பிடி மட்டும் வீட்டுக்கு வீடு வேறு. தெருவிளக்கு இல்லாத காலத்தில் இருட்டில் கையால் தொட்டுப் பார்த்துத் தன் வீட்டைக் கண்டுபிடிக்கவாம். நான் ராத்திரி டியூட்டி முடிந்து வரும்போது, கரண்ட் இல்லாவிட்டாலும் நம் வீட்டுக் கேட் கொண்டியைக் கை தானாகப் பிடிக்குமே, அது ஞாபகம் வந்தது. நீ அப்போது தூங்காமல் உட்கார்ந்திருப்பாய்.

இதெல்லாம் உனக்குக் காரில் இரண்டு மணி நேரம். நான்கு வருஷமாக அங்கே இருக்கிறாய், ஒன்றையும் பார்க்கவில்லை. எங்களோடு வரவில்லையே என்று இனி வருந்தாதே அம்மா. ஒரு சனிக்கிழமை கம்ப்யூட்டரை மூடிவைத்துவிட்டு, தோழியைக் கூட்டிக்கொண்டு நீயே போய் வா. ஆக்ஸ்பர்க் போனால் அந்த மணிப் பிடிகளைப் படம் எடுத்து அனுப்பு. நான் எடுத்ததெல்லாம் ஆடிப்போயிருக்கிறது.

இன்னொன்று. வண்டியை நிறுத்திய நேரத்தைக் காட்டக் கண்ணாடிக்குள் வைக்கும் அந்த நீல அட்டை என் சட்டைப் பையிலேயே வந்துவிட்டது. அம்மா துவைக்க எடுத்தபோதுதான் பார்த்தாள். அது வாடகை வண்டிக்காரர்களுடையது. இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன், மறக்காமல் அவர்களிடம் சேர்த்துவிடு.

அன்புடன்,
அப்பா