ஸ்பானிஷ் பாடம் தமிழ் எழுத்தில் வரட்டும்

ஆசிரியர் ஐயா அவர்களுக்கு,

அப்புத்தளை ஸ்டேசனடியில் பதினாறு வருசமாக ஆட்டோ ஓட்டுகிறேன். போன சீசனில் ஒருநாள், ரயிலைத் தவறவிட்ட ஸ்பெயின் நாட்டுத் தம்பதி ஒன்று மூட்டை முடிச்சோடு என்னிடம் வந்து "எய்யா, எய்யா" என்றார்கள். "ஐயா" என்று மரியாதையாகக் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்துவிட்டேன். இத்தனை வருசத்தில் ஒரு வெள்ளைக்காரரும் என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை. பக்கத்து ஆட்டோக்காரரை ஒரு பார்வை பார்த்தேன். அந்த அம்மா போனில் வரைபடத்தைக் காட்டிய பிறகுதான் விளங்கியது: அவர்கள் போக வேண்டியது எல்லவுக்கு. ஆங்கில எழுத்தில் எல்ல என்பதற்கு இரண்டு 'எல்' வரும். ஸ்பானிஷில் இரண்டு 'எல்' சேர்ந்தால் 'ய' சத்தம். சிங்களத்தில் நீர்வீழ்ச்சி என்று பொருள்படும் ஊர், அவர்கள் வாயில் 'எய்யா' ஆகிவிடுகிறது. அவர்கள் மொழியில் அதற்கு 'அவள்' என்று அர்த்தம்.

அந்த ஹயரோடு எனக்கு ஸ்பானிஷ் ஆசை பிடித்தது. டவுனில் ஒரு வகுப்பில் சேர்ந்தேன். ஆறு சனிக்கிழமை, எட்டாயிரம் ரூபாய். முடிவில் கையில் மிஞ்சியது நாலு பக்கப் போட்டோ கொப்பி. எல்லாமே ஆங்கில எழுத்து. எங்களுக்குத் தெரிந்த ஆங்கில வாசிப்பையே அதிலும் வாசித்தோம். 'ஓலா' என்ற வணக்கம் 'ஹோலா' ஆனது. நன்றி சொன்னவருக்கு 'பரவாயில்லை' என்று திருப்பிச் சொல்லும் 'தே நாதா' எங்கள் வாயில் 'டீ நாடா' ஆனது. தேத்தண்ணியும் பாவாடை நாடாவும்! அதைக் கேட்ட மெக்சிகோக்காரர் என்ன நினைத்தாரோ.

அதைவிட மோசமான ஒன்றையும் சொல்கிறேன். லிப்டன் சீட் என்ற மலைக் காட்சிமுனைக்கு ஒரு குடும்பத்தை ஏற்றிப் போகும்போது, ஏழெட்டு வயதுப் பையனிடம் வயதைக் கேட்டேன். பிள்ளையைக் கண்டால் நாம் முதலில் கேட்பது அதைத்தானே. தாளில் இருந்தபடி "குவாந்தோஸ் ஆனோஸ் தியெனேஸ்?" என்றேன். பையன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். சிரித்து முடித்து, "ஊனோ!" என்றான். ஊனோ என்றால் ஒன்று. தாய் அவன் வாயைப் பொத்தினார். தகப்பன் வெளியே தேயிலையைப் பார்த்தார். நானோ, ஏழு வயதுப் பிள்ளை ஏன் ஒரு வயது என்கிறது என்று யோசித்துக்கொண்டே வண்டியை ஓட்டினேன்.

அந்தச் சொல் 'ஆனோஸ்' அல்ல, 'ஆஞோஸ்'. ஸ்பானிஷில் 'என்' எழுத்தின் தலையில் ஒரு வளைகோடு போட்டால் அது நம்முடைய ஞ. வகுப்புக்காரர் கம்ப்யூட்டரில் தட்டியபோது கோடு விழவில்லை. கோடு இருந்தால் வருசம், இல்லாவிட்டால் நாம் உட்காரும் பக்கத்து உறுப்பு. அது உனக்கு எத்தனை இருக்கிறது என்று நான் கேட்டிருக்கிறேன், பிள்ளையும் உள்ளதைச் சொல்லியிருக்கிறது.

அன்றிரவு மகளுடைய பழைய கொப்பி ஒன்றை எடுத்து, போனில் ஒவ்வொரு சொல்லாகப் போட்டுக் கேட்டு, காதில் விழுந்ததைத் தமிழில் எழுதத் தொடங்கினேன். என்ன சொல்வது, நம்முடைய எழுத்து அதற்கென்றே செய்ததுபோல இருந்தது. ஞ தனியாகவே இருக்கிறது. 'நாதா'வில் வரும் த, 'அது', 'இது' என்று சொல்லும்போது நாக்கு பல்லில் பட்டும் படாமலும் போகிறதே, அதே த. 'ஹ' அவர்களுக்கு எழுத்தில் உண்டு, வாயில் இல்லை. ஆங்கிலத்தில் 'ஹ'வோடு எழுதும் அப்புத்தளையை அவர்கள் 'ஆபுதாலே' என்கிறார்கள். நாமும் அந்த ஹ-வை விட்டுவிட்டு அப்புத்தளை, அட்டன் என்றுதானே சொல்லி வந்தோம்.

எழுத்து மட்டுமா? ஆங்கிலத்தில் எல்லாருக்கும் ஒரே 'யூ'. ஸ்பானிஷில் நம்மைப்போல நீயும் உண்டு, நீங்களும் உண்டு. பெரியவரிடம் 'கோமோ எஸ்தா', சின்னவரிடம் 'கோமோ எஸ்தாஸ்'. புறப்படும்போது 'அதியோஸ்' என்று நான் சொல்வதில்லை. 'ஆஸ்தா லுவேகோ' என்பேன், நம் 'போய்ட்டு வாறேன்' மாதிரி. தேநீருக்கு அவர்களும் 'தே' என்றே சொல்கிறார்கள், தேத்தண்ணியில் பாதி. வழியில் கடையில் நிறுத்தி "தே கொன் லெச்சே?" என்றால் பால் தேத்தண்ணி வருகிறது. 1505இல் போர்த்துக்கேயர் வந்ததால் நம் நாக்கில் ஒட்டிய பாண், மேசை, சப்பாத்து மூன்றும் அதற்கு அக்கா தங்கை மொழியான ஸ்பானிஷிலும் பான், மேசா, சபாத்தோ என்று இருக்கின்றன. ஸ்பெயின்காரர் 'தபாத்தோ' என்பார், நன்றியையும் 'கிராத்தியாஸ்' என்பார். மெக்சிகோ, ஆர்ஜென்டினா பக்கத்தார் 'கிராசியாஸ்' என்பார்கள்.

நேரமும் ஒரு சிக்கல். பன்னிரண்டரைக்கு நான் 'புவெனாஸ் தார்தெஸ்' என்று மதிய வணக்கம் சொன்னால், "இன்னும் சாப்பிடவில்லையே, புவெனோஸ் தியாஸ்" என்று திருத்துகிறார்கள். ஸ்பெயினில் இரண்டு மூன்று மணிக்குத்தான் சாப்பாடாம். அதுவரை அவர்களுக்குக் காலைதான்.

தமிழிலும் ஒரு குறை இருக்கிறது, மறைக்கக்கூடாது. 'பெசோஸ்' என்று எழுதினால் அது காசா, முத்தமா என்று தெரியாது. உதட்டை அழுத்திச் சொன்னால் மெக்சிகோக் காசு, 'பஸ்' என்பதில் வரும் ப-வில் சொன்னால் முத்தம். ஹயர் பேசும் இடத்தில் இது சின்ன விசயமில்லை. முத்தத்தின் ப-வுக்கு மேல் நான் நீலப் பேனையால் ஒரு புள்ளி வைத்திருக்கிறேன்.

உங்கள் ஞாயிறு மலரில் சிங்களப் பாடமும் ஆங்கிலப் பாடமும் வருகின்றன. ஸ்பெயினோடு சேர்த்து 20 நாடுகளில் அரச மொழியாக இருக்கும் ஸ்பானிஷுக்கும் வாரம் ஐந்து வசனம், தமிழ் எழுத்தில், போடக் கேட்டுக்கொள்கிறேன். நானுஓயாவிலிருந்து பதுளை வரை ஸ்டேசன்களில் நிற்கும் ஆட்டோக்காரர்களும், விருந்தினர் விடுதிகளில் அறை கூட்டும் நம் தோட்டத்துப் பிள்ளைகளும் வெட்டி வைத்துக்கொள்வார்கள். போடுகிற ஆள் ஸ்பானிஷ் தெரிந்தவராக இருக்க வேண்டும், என்னைப்போலக் காதை நம்பியவராக இருக்கக்கூடாது. கொப்பி வேண்டுமென்றால் தபாலில் அனுப்புகிறேன். ஏழாம் பக்கத்தில் தேத்தண்ணிக் கறை இருக்கிறது, ஆனால் வாசிக்கலாம்.

இப்படிக்கு,
ஆட்டோ சாரதி ஒருவர்,
அப்புத்தளை.